மேகத்தைத் துரத்த வருகிறேன் என்கிற சம்பத்துக்கு

கிருஷ்ணகிரி
மார்ச் 12

அன்புள்ள சம்பத்,

கடிதம் வந்தது. பேத்தி பிறந்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மா பூத்து முடிந்து பிஞ்சு பிடித்துவிட்டது. பெங்களூரா மரங்களில் காய்ப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஏப்ரல் காற்று என்ன செய்யும் என்பதுதான் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர்களின் கவலை.

ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரர்கள் டொர்னாடோவை, அதாவது மேகத்திலிருந்து தரைவரை இறங்கும் சுழல்காற்றைத் துரத்தும் வீடியோ பார்த்துவிட்டு, நம்ம பக்கத்துக் கோடை இடிமழையையும் அப்படித் துரத்தலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகத் துரத்தலாம். டொர்னாடோ மட்டும் கேட்காதே, இங்கே அது மிக அரிது.

வெயிலும் ஈரமும் இருந்தால் மட்டும் டொர்னாடோ வராது. தரையிலிருந்து 6 கி.மீ. உயரம் வரை போகப் போகக் காற்றின் வேகமும் திசையும் மாற வேண்டும். அந்த வித்தியாசம் நொடிக்கு 18, 20 மீட்டரைத் தொட்டால்தான் மேகம் மொத்தமாகச் சுழல ஆரம்பிக்கும். அப்போது மேலேறும் காற்று ஒரு பக்கமும் மழை இன்னொரு பக்கமுமாகப் பிரிந்துவிடுவதால் ஒரே மேகம் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். ஓக்லஹோமா, கான்சஸ் சமவெளியில் மே மாதம் இது அடிக்கடி அமைகிறது. கீழே மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று, அதன்மேல் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, அதற்கும் மேலே ஜெட் காற்று என்கிற வேகமான மேல்காற்று. நமக்கு வங்கக்கடல் ஈரம் தருகிறது, வெயிலுக்கும் பஞ்சமில்லை. மேல்காற்றுதான் சோம்பேறி. அதனால் நம்ம மேகம் நெட்டுக்குத்தாக எழும்பி, தன் மழையைத் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டு, முக்கால் மணி ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். இந்தியாவில் டொர்னாடோவே வராது என்று சொல்லவில்லை. டெல்லியில் 1978 மார்ச் 17 அன்று அடித்திருக்கிறது. வங்காளம், ஒடிசா பக்கம் இன்னும் அதிகம். வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று வந்தது ஏறத்தாழ 1,300 பேரைக் கொன்றது.

வீடியோவில் அவர்கள் கத்துவதையும் சிரிப்பதையும் பார்த்து ஏமாறாதே. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோ ஊர்ப் பக்கம் வந்த டொர்னாடோ 4.2 கி.மீ. அகலம். அதில் டிம் சமாராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரும் காரிலேயே மாட்டி இறந்தார்கள். சமாராஸ் விளையாட்டுக்குப் போனவர் இல்லை. 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவில் மான்செஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் டொர்னாடோ வரும் வழியில் கருவி வைத்து, காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்ததைப் பதிவு செய்த மனிதர். எல் ரெனோவில் அந்தச் சுழல் மழைத்திரைக்குள் மறைந்திருந்தது. தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தது வடகிழக்கே திரும்பியது, அகலம் கூடியது, வேகமும் கூடியது. அங்கே ஒவ்வொரு மைலுக்கும் குறுக்குச்சாலை உண்டு. அப்படியிருந்தும் விலக நேரம் போதவில்லை. நம்ம பக்கம் குன்றும் ஏரிக்கரையுமாக இருக்கிறது, சாலை போகிற பக்கம்தான் நாம் போக முடியும். ஆகவே மேகத்துக்கும் நமக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர், விலகிப்போக எத்தனை சாலை என்ற இரண்டு கேள்வியையும் அரை மணிக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலையில் உள்ள சுகமும் அதில்தான் இருக்கிறது. சரியான இடத்தில் நின்றவனுக்கு மேகம் அடி முதல் நுனி வரை தெரியும். பின்னால் ஓடுகிறவனுக்கு வைப்பர்தான் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். காலை 5.30 மணிக்குப் பெங்களூரிலும் சென்னையிலும் வானிலைத் துறை மேல்காற்றை அளக்கப் பலூன் விடும். அந்த இரண்டு அறிக்கையையும் பார். மேலேறும் காற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் கிலோவுக்கு 2,000 ஜூலுக்கு மேல் இருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். அதைவிட நான் நம்புவது பனிநிலை வெப்பத்தை, காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படிய ஆரம்பிக்கும் வெப்பம் அது. நம்ம ஊரில் மதியம் அது 20 டிகிரிக்கு மேல் நின்றால் மேகம் கட்டும். 15-க்குக் கீழே போனால் வெயில் 40 தொட்டாலும் வீட்டில் படுத்துத் தூங்கலாம். மதியம் ஒன்று, ஒன்றரைக்குத் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப் பக்கமும், கிழக்கே ஏலகிரி, ஜவ்வாது பக்கமும் பார். காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கூர்மையாக மேகம் மேலே மேலே முளைத்தால் உயிருள்ள மேகம். விளிம்பு நூல்நூலாகக் கலைந்தால் அது சாகிறது. உச்சி தட்டையாகப் பரவ ஆரம்பித்ததும் வண்டியை எடுக்கலாம்.

எந்தப் பக்கம் நகரும் என்பதற்கு ஏப்ரல், மே மாதங்களில் நிலையான விதி இல்லை, அன்றன்றைய மேல்காற்றைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஜூனுக்குப் பிறகு மேற்குக்காற்று நிலைத்துவிடும். அப்புறம் மேகம் பெரும்பாலும் கிழக்கேதான் போகும், திருப்பத்தூர், வேலூர் தாண்டி ராத்திரியில் சென்னை வரைக்கும் போவதுண்டு.

ரேடாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னை ரேடார் நமக்கு ஏறத்தாழ 230 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் அதன் கற்றை, பூமி வளைவதால், கிருஷ்ணகிரிக்கு வந்து சேரும்போது தரையிலிருந்து நாலரை, ஐந்து கி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடக்கும் எதுவும் அந்தப் படத்தில் விழாது. சிவப்பு தெரிந்தால் மேலே கனமான மழையோ ஆலங்கட்டிக் கல்லோ தொங்குகிறது என்று அர்த்தம், கீழே காற்று எப்படி அடிக்கிறது என்று அது சொல்லாது. படம் உன் போனுக்கு வரும்போது பத்துப் பதினைந்து நிமிஷம் பழசாகியும் இருக்கும். மேகம் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் அதற்குள் 10 கி.மீ. வந்துவிட்டது. போனில் தூரமாக இருக்கிறதே என்று டீ குடித்துக்கொண்டு நிற்கிறவன் மாட்டுவது இப்படித்தான். சிக்னல் போய்விட்டால் அதுவும் கிடையாது. கண்ணால் மேகத்தைப் படிக்கத் தெரியாதவன் போனை நம்பி வரவே கூடாது.

கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும்? மேகத்தின் அடிவயிறு ஒரு பக்கம் மழையில்லாமல், கருத்து, மட்டம் பிடித்த மாதிரி தட்டையாக இருக்கும். காற்று உள்ளே ஏறுவது அங்கேதான். பக்கத்தில் சாம்பல் திரையாகத் தொங்குவது மழை. மேகம் நகரும் பாதைக்கு முன்னால் ஒரு ஓரமாக, 8, 10 கி.மீ. தள்ளி, அடிவயிறு தெரிகிற இடத்தில் நில். திரைக்குள் வண்டியை விட்டு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கல் விழுவது அந்தத் திரைக்குள்தான்.

முதலில் உன் முதுகுப் பக்கமிருந்து வெதுவெதுப்பான காற்று மேகத்தை நோக்கி வீசும். வேப்பிலை எல்லாம் அந்தப் பக்கமே சாயும். பிறகு திடீரென்று அது நிற்கும். இலை அசையாது, மைனாக்கள் அடங்கிவிடும், வியர்த்துக் கொட்டும். மேற்கே தரையோடு தரையாகச் செம்மண் நிறத்தில் ஒரு புழுதிச் சுவர் எழும்பும், அதன் மேலே மேகம் நீண்ட விளிம்பு கட்டி வரும். வயிற்றைப் பிசைவது இந்த நேரத்தில்தான். அந்தப் பயம் பொய்யில்லை, அதற்குக் கீழ்ப்படி. மழை குளிரவைத்த காற்று தரையில் மோதிப் பக்கவாட்டில் பாய்ந்து வருகிறது, மழைக்கு 10 கி.மீ. முன்னாலேயே அது வந்து சேரலாம். சில நிமிஷத்தில் வெப்பம் எட்டுப் பத்து டிகிரி இறங்கும், தகரக் கூரை பறக்கும், வாழைத்தோப்பு ஒரே திசையில் படுக்கும். காலையில் போய்ப் பார்த்து "சூறாவளி அடித்துவிட்டது" என்பார்கள். சாய்ந்த மரங்களைப் பார்த்தால் காரணம் தெரியும். எல்லாம் ஒரே பக்கமோ, ஒரு மையத்திலிருந்து விசிறி விரித்த மாதிரியோ விழுந்திருந்தால் மேலிருந்து கொட்டிய காற்று. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடந்தால்தான் சுழல் என்று சந்தேகப்படலாம். சுவர் தெரிந்ததும் வண்டிக்குள் ஏறு, கண்ணாடியை ஏற்று. புளியமரச் சாலையில் நிற்காதே. பழைய சாலை ஓரத்துப் புளியமரம் வயதானது, கிளை முறிவது சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும். விளம்பரப் பலகைக்குக் கீழேயும் வேண்டாம்.

கல்மழை தர்மபுரியைவிட ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அதிகம் விழுவதற்கு உயரமும் ஒரு காரணம். கோடையில் உறைநிலை ஐந்து கி.மீ. உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து விழும் கல் வழியெல்லாம் உருகும். தர்மபுரியைவிட ஓசூர் 400 மீட்டருக்கு மேல் உயரம், அந்த அளவுக்கு உருகுவது குறைவு. இரண்டரை செ.மீ. முதல் நாலரை செ.மீ. வரையுள்ள கல் மணிக்கு 40, 65 கி.மீ. வேகத்தில் விழும். நீ எதிரே 60-ல் போனால் கண்ணாடிக்கு இரண்டும் சேரும். வண்டியை ஓரங்கட்டி, கல் வருகிற பக்கம் முன்கண்ணாடி இருக்கும்படி நிறுத்து. முன்கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த இரட்டைக் கண்ணாடி, விரிசல் விட்டாலும் உதிராது. பக்கக் கண்ணாடி ஒரே அடியில் பொலபொலவென்று கொட்டிவிடும். கண்ணை ஒரு துண்டால் மூடிக்கொள். கல் நின்ற பிறகு, இடியும் தள்ளிப்போயிருந்தால், இறங்கி உடனே அள. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. விட்டம், அதைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்தால் அளவில் சண்டை வராது. பெரிய கல்லைப் பாதியாக வெட்டிப் பார், பால் வெள்ளையும் கண்ணாடியும் மாறி மாறி வளையமாக இருக்கும். சட்டென்று உறைந்தபோது காற்றுக் குமிழ் அடைபட்டு வெள்ளை, மெதுவாக உறைந்தபோது தெளிவு. ஃபிளாஸ்கில் போட்டு எடுத்துவந்தால் வீட்டிலும் காட்டலாம். மாந்தோப்புக்காரர் எதிரே மட்டும் "ஆகா, என்ன அழகு" என்று வாயைத் திறந்துவிடாதே. கல் பட்ட காய் கருப்புப் புள்ளி விழுந்து, கூழ்த் தொழிற்சாலைக்குக்கூட விலைபோகாது.

எல்லாவற்றிலும் மோசம் மின்னல். ஒளிக்கும் ஒலிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கி.மீ. என்று கணக்கு. முப்பது நொடிக்குள் இடி கேட்டால் வண்டிக்குள் இருக்க வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்க வேண்டும். தலைக்கு மேல் நீலவானம் இருந்தாலும் மேகத்தின் பரந்த உச்சியிலிருந்து மின்னல் 15 கி.மீ. தள்ளிக்கூட விழும். காரின் இரும்புக் கூடுதான் காப்பாற்றுகிறது, டயரின் ரப்பர் இல்லை. அதனால் பைக்கில் வருகிறேன் என்று சொல்லாதே. கோட்டை மலை மாதிரி மொட்டைப் பாறை மேல் நின்று படம் பிடிப்பது தற்கொலை. வயல் நடுவே இருக்கும் மோட்டார் கொட்டகையும் ஒதுங்குகிற இடம் இல்லை. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலியைப் போட்டுக்கொள், 20 கி.மீ., 40 கி.மீ. சுற்றுவட்டத்தில் மின்னல் விழுவதைச் சொல்லும். படம் வேண்டுமானால் காருக்குள்ளிருந்தே, ராத்திரியில் ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 8, பதினைந்து நொடி, ஃபோகஸைக் கையால் தூரத்து விளக்கில் பூட்டிவிட்டு எடு. தானாக ஃபோகஸ் செய்ய விட்டால் இருட்டில் தேடிக்கொண்டே இருக்கும்.

மேகம் பார்க்க நிற்பதற்குக் கிருஷ்ணகிரி வசதி. ஓசூர், வேலூர், சேலம், திருவண்ணாமலை என்று நாலு பக்கமும் நல்ல சாலை பிரிகிறது, மேகம் எந்தப் பக்கம் வந்தாலும் இன்னொரு பக்கம் உண்டு. ஊத்தங்கரைச் சாலையில் வானம் திறந்து கிடக்கும். அஞ்செட்டிக் காட்டுச் சாலை வேண்டாம். ஒரே வழி, யானை வேறு. தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தாதே, மழையில் லாரிக்காரருக்கு நீ தெரிய மாட்டாய். சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கிவிடு. தரைப்பாலத்தில் ஒரு அடி தண்ணீர் ஓடினாலே சின்னக் கார் மிதக்கும். ஆழம் தெரியாவிட்டால் வந்த வழியே திரும்பு. அறுந்து கிடக்கும் மின்கம்பிக்குப் பத்து மீட்டர் தள்ளியே நில்.

ஏப்ரல் நடுவிலிருந்து மே 20 வரைக்குள் வா. சனி, ஞாயிறு என்று நாள் குறிக்காதே. காலையில் பலூன் அறிக்கை பார்த்து நான் போன் செய்ததும் கிளம்பினால் சேலத்திலிருந்து இரண்டு மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அன்றைக்கு ராத்திரி தங்கும்படி வா. ஈரச் சாலையில் தொப்பூர் இறக்கத்தை இருட்டில் இறங்க வேண்டாம். வைப்பர் ரப்பரையும் ஸ்டெப்னி காற்றையும் இப்போதே பார்த்துவிடு, வண்டியில் எப்போதும் அரை டேங்குக்குக் குறையாமல் பெட்ரோல் இருக்கட்டும். பேத்தி போட்டோ ஒன்றும் எடுத்து வா, இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
கோவிந்தன்