மாரியம்மன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துக் கோயில் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகம் முடிந்து 48 நாள் மண்டல பூஜையும் நல்லபடியாக நிறைவேறியது. விமானத்துச் சுதை, வர்ணம், புதுக் கலசம், மடப்பள்ளித் தரை எல்லாம் நீங்கள் கண்ணால் பார்த்தவை. கேள்வி அதிகம் வந்தது கல்யாண மண்டபக் கூரையில் போட்ட சோலாருக்குத்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

540 வாட் தகடுகள் 19; மொத்தம் 10 கிலோவாட்டுக்குச் சற்று மேல். நல்ல வெயில் நாளில் 40 யூனிட் வரை கிடைக்கிறது. நம் செலவு போக மிச்சம் மின்வாரிய லைனுக்குப் போகும். போவதையும் வருவதையும் மீட்டரே குறித்துக்கொள்ளும். மானியம் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு: 2024-இல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் வீடுகளுக்கானது. கோயிலுக்குக் கிடையாது. எல்லாம் உங்கள் காணிக்கைதான்.

தகடு விமானத்துக்கு மேலே தெரியக் கூடாது என்றார் ஸ்தபதி. நம் ஊருக்குப் பத்துப் பதினோரு டிகிரி சாய்வே போதும் என்பதால் சிக்கல் வரவில்லை. காற்றுதான் செலவு வைத்தது. ஆடியில் அம்மி பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் நமக்கு மார்கழியிலும் அதே கதை. கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்தது சும்மாவா? அதனால் கம்பிச் சட்டத்தின் கால்களை காங்கிரீட்டில் பதித்தோம். மதிப்பீட்டைவிடத் தொகை கூடியது இங்கேதான்.

இனி கும்பாபிஷேக நாள் சங்கதி. அன்னதானப் பந்தி பாதியில் இருக்கும்போது, தென்னை மட்டை விழுந்து லைன் போய்விட்டது. மண்டபத்தில் ஃபேன் எல்லாம் நின்றன. வெளியே மண்டை பிளக்கும் வெயில். சாம்பார் வாளியோடு நின்ற அக்கா ஒருவர், “ஏனுங்க, மேல இத்தன தகடு கெடக்குது, கீழ கரண்டு இல்லீங்களா?” என்று கேட்டார். பந்தியே சிரித்தது. குழுவினர் முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் இதுதான். பேட்டரி இல்லாத இந்த மாதிரி இணைப்பில், லைன் செத்தால், தகட்டில் பிறப்பதை நாம் பயன்படுத்தும் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் நம் கூரையில் பிறக்கும் மின்சாரம் கம்பத்துக்கு ஏறும். கரண்ட் இல்லை என்று நம்பி அங்கே கம்பியில் கை வைக்கும் லைன்மேன் கதி என்ன ஆகும்? அன்று கம்பத்தில் ஏறியவரும் நம் பந்தியில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இதை முன்பே உங்களிடம் சொல்லாதது குழுவின் தவறு.

பந்தியைக் காப்பாற்றியவர் நம் ஜெனரேட்டர் அண்ணன். சோலார் பற்றிப் பேசிய பொதுக்குழுவில் பின்வரிசையில் எழுந்து, “அப்ப இனி என்னையக் கூப்பிட மாட்டீங்களா?” என்று அவர் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. கும்பாபிஷேகத்துக்கும் அவரைச் சொல்லவில்லை. இருந்தும் வண்டியில் ஏற்றி வந்து ஆலமரத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். லைன் போன ஐந்தாவது நிமிடம் ஃபேன் சுற்றியது. வாடகை பேசவே இல்லை. பிறகு நாங்கள் வற்புறுத்திக் கொடுத்தோம்.

திருவிழா வாடகை அவருக்கே தொடரும் என்று குழு தீர்மானித்துள்ளது. தகடு துடைக்கும் வேலையும் மாதச் சம்பளத்துக்கு அவரிடமே. விடியுமுன் ஏறிவிடுகிறார்; வெயிலில் சுட்ட கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம். போர்வெல் தண்ணீரில் கழுவுவதை முதல் வாரமே நிறுத்திவிட்டார். காய்ந்ததும் நிற்கும் வெள்ளைப் படலத்தை விரலால் சுரண்டிக் காட்டி, “இது உப்புங்க, வெயில மறைச்சுப்போடும்” என்றார். நிறுவ வந்த ஆட்கள் இதைச் சொல்லவில்லை.

தென்மேற்கு மூலைத் தென்னையின் நிழல் மூன்று மணிக்கு மேல் இரண்டு தகடுகளில் விழுகிறது. ஒன்று நிழலில் மாட்டினால் அதே வரிசையில் கோர்த்த மற்றவையும் சோர்ந்துபோகும். மரத்துக்காரப் பாட்டி அபிஷேகத்துக்கு இளநீர் தருகிறவர். வெட்டச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அந்த இரண்டையும் இடம் மாற்றச் சொல்லியிருக்கிறோம்.

ராத்திரிக்குப் பேட்டரி வேண்டுமா என்பதை அடுத்த பொதுக்குழுவில் பேசலாம். வரவு செலவுத் தாள் மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ரசீது பார்க்க வேண்டுமானால் பொருளாளரை மாலையில் பாருங்கள். காலையில் அவர் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்