இடத்தோடு அதன் பிழையையும் பதியுங்கள்: கணக்கெடுப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கணக்கெடுப்புகளைத் திட்டமிடுவோருக்கும், படிவம் அமைப்போருக்கும், கருவி வாங்கித் தருவோருக்கும் வணக்கம்.

நீங்கள் கொடுக்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு கிணறு, வீடு, மரம், மின்கம்பம் என்று தேடி நடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காகிதப் படிவமே மேல் என்று வாதாட வரவில்லை. மழையில் நனைந்த தாள்களைக் காயவைத்து, 1-ஆ 7-ஆ என்று குழம்பி, மாலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி கணினியில் ஏற்றிய காலத்தை அறிந்தவர் யாரும் அதற்கு ஏங்கமாட்டார்கள். ஜிபிஎஸ் உள்ள கையடக்கக் கணினி வந்தபின் இடமும் நேரமும் தாமாகவே பதிவாகின்றன. பொருந்தாத விடையைப் படிவமே தடுத்து நிறுத்துகிறது. இந்த வசதியை மனமார வரவேற்கிறேன்.

ஆனால் ஒரு வேண்டுகோள். இடத்தை எடுப்பதும் ஓர் அளவீடுதான். அளவீடு என்றால் பிழையும் உண்டு. அந்தப் பிழையைப் புள்ளியோடு சேர்த்துப் பதியுங்கள். பிழை குறையும்வரை காத்திருக்க எங்களுக்கு நேரம் கொடுங்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை அது பிடிக்கிறது. இடம், உயரம், நேரம் மூன்றையும் கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். ஒவ்வொன்றும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. இணைய இணைப்பு இருந்தால் கைபேசி அந்த விவரத்தை நெட்வொர்க் வழியாகவே வாங்கிவிடும். அலுவலக வாசலில் நீங்கள் சோதித்தபோது சில நொடிகளில் இடம் காட்டியது அதனால்தான். டவர் இல்லாத இடத்தில் வானத்திலிருந்து மட்டுமே அது வர வேண்டும். நடுவில் ஒரு கிளை மறைத்துச் சிக்னல் அறுந்தால், விடுபட்டதை அடுத்த சுற்றில்தான் பிடிக்க முடியும்.

அடர்ந்த மரத்தடியில் நின்று திரையைப் பாருங்கள். துல்லியம் 48 மீட்டர் என்று, அதாவது அவ்வளவு பிழை இருக்கலாம் என்று, தொடங்கும். 31 ஆகும், 22 ஆகும், அப்படியே நிற்கும். இரண்டு அடி தள்ளி நின்றால் 26 என்று ஏறும். பொறுமையாக அசையாமல் நின்றால் 9, பிறகு 6. இதற்குள் வீட்டுக்காரர் கதவைப் பிடித்தபடி நிற்கிறார். மாலைக்குள் முடிக்க வேண்டிய வீடுகளின் எண்ணிக்கை தலைக்குள் ஓடுகிறது. படிவமோ 48 காட்டும்போதே சேமிக்க விடுகிறது. பணியாளர் என்ன செய்வார்? பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

அந்தப் புள்ளி உங்கள் மேசைக்கு வரும்போது ஆறு தசம இடங்களோடு வருகிறது. ஆறாவது தசம இடம் நிலத்தில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். 48 மீட்டர் பிழையுள்ள எண்ணும் 6 மீட்டர் பிழையுள்ள எண்ணும் அட்டவணையில் ஒரே தோற்றத்தில் நிற்கின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடியது துல்லியம் என்ற அந்த ஒரு நெடுவரிசைதான். கோப்பைச் சுருக்குகிறோம் என்று பலர் முதலில் நீக்குவதும் அதைத்தான்.

வேறொன்றும் கண்டிருக்கிறேன். ஒரு கணக்கெடுப்பில் அடுத்தடுத்த பல வீடுகளுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் கடைசி இலக்கம் வரை மாறாமல் வந்திருந்தன. ஒரே இடத்தில் உட்கார்ந்து படிவங்களை நிரப்பிவிட்டார் என்று அந்தப் பணியாளர் மேல் பழி விழுந்தது. உண்மையில், புதிய சிக்னல் கிடைக்காதபோது கருவி தனக்குக் கடைசியாகத் தெரிந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்திருந்தது. படிவம் சேமித்த நேரத்தோடு, அந்த இடம் கணக்கிடப்பட்ட நேரத்தையும் தனியாகப் பதிந்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். ஒருவருடைய நேர்மையே கேள்விக்குள்ளாகிறது. இதைச் சின்னத் தொழில்நுட்ப விவரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

திரையில் தெரியும் துல்லிய எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆண்ட்ராய்டு கருவி 5 மீட்டர் என்று காட்டினால், உண்மையான இடம் அந்த 5 மீட்டர் வட்டத்துக்குள் இருக்க 68 விழுக்காடு வாய்ப்பு என்றுதான் பொருள். மூன்றில் ஒரு முறை வெளியே இருக்கலாம். உயரமான சுவர்களுக்கு அருகே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால், எண் நன்றாகவே இருக்க, புள்ளி மட்டும் தெருவின் மறுபக்கம் போய் விழும். அங்கே திறந்தவெளிக்குத் தள்ளி நின்று புள்ளி எடுத்து, "வடக்கே 15 மீட்டர்" என்று எழுத ஒரு கட்டம் வேண்டும். பல படிவங்களில் அந்தக் கட்டமே இல்லை.

எண்களை எந்த முறையில் எழுதுவது என்பதையும் படிவத்திலேயே பூட்டிவிடுங்கள். 10 டிகிரி 30 நிமிடம் என்பது 10.5. அதை 10.30 என்று யாராவது தட்டினால் புள்ளி 22 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற, பூமி முழுவதற்குமான இட அளவு முறையிலான எண். பழைய நிலப்படங்கள் வேறு அடிப்படையில் வரையப்பட்டிருந்தால் சில நூறு மீட்டர் வரை விலகல் வரும். கருவிகள் சில கடல்மட்டத்திலிருந்து உயரத்தைத் தருகின்றன, சில பூமிக்குக் கணிதத்தில் வகுத்த சீரான வடிவத்தின் பரப்பிலிருந்து தருகின்றன. இரண்டுக்கும் இடையே சில இடங்களில் நூறு மீட்டர் வித்தியாசம் உண்டு. எது என்று குறிக்காத உயரம் யாருக்கும் பயன்படாது.

பழைய கருவிகளை அலமாரியிலிருந்து எடுத்துத் தருவதாக இருந்தால் முதலில் தேதியைச் சரிபாருங்கள். ஜிபிஎஸ் தேதியை வார எண்ணாக அனுப்புகிறது; அந்த எண் 1024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6 அன்று. மென்பொருள் புதுப்பிக்காத கருவிகள் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் உள்ள தேதியைப் பதியக்கூடும்.

2000 மே 2-க்கு முன் பொதுப் பயன்பாட்டுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. நூறு மீட்டர் வரை தவறுவது அன்று இயல்பு. அந்தக் காலத்திலேயே தென்னாப்பிரிக்காவின் கரூ தேசியப் பூங்காவில் விலங்குத் தடங்களை ஆய்ந்த லூயிஸ் லீபன்பெர்க்கும் கணினி நிரலாளர் ஜஸ்டின் ஸ்டீவன்டனும் சைபர்டிராக்கர் என்ற களப்பதிவு மென்பொருளைக் கையடக்கக் கணினியில் ஓடவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தடம்பார்ப்பவர்கள் படக்குறிகளைத் தொட்டுத் தொட்டே விலங்குகளின் தடயங்களைப் பதிந்தார்கள். அவர்கள் காலடித் தடத்தில் என்ன பார்க்கிறார்களோ அதை ஒட்டியே திரை அமைந்தது. நம் படிவங்களில் எத்தனை இப்படிக் களத்தில் நிற்பவரின் கண்ணிலிருந்து பிறந்தவை? கேள்விகளின் வரிசை நாங்கள் நடக்கும் வரிசையோடு பொருந்துவதில்லை. பட்டியலில் முதலில் நிற்கும் விடை அவசரத்தில் தானே தேர்வாகிவிடுகிறது. நண்பகல் வெயிலில் வெளிர்சாம்பல் எழுத்து கண்ணுக்கே தெரிவதில்லை.

பிழையைக் குறைத்து எடுக்கச் சொல்கிறேனே, அது மக்களின் தனியுரிமைக்கு ஆபத்தாகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கவலை. டிஎச்எஸ் எனப்படும் மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வுகள் இதற்கு ஒரு வழி காட்டியுள்ளன. வெளியிடும் புள்ளிகளை நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரையும், கிராமப்புறத்தில் 5 கிலோமீட்டர் வரையும், கிராமப்புறப் புள்ளிகளில் ஒரு விழுக்காட்டை 10 கிலோமீட்டர் வரையும் வேண்டுமென்றே நகர்த்தி வைக்கிறார்கள். களத்தில் நன்றாக அளந்து, வெளியிடும்போது மறைப்பதுதான் முறை. அரிய செடி, விலங்குகளின் இருப்பிடங்களுக்கும் இதே கவனம் வேண்டும். பணியாளர் நடந்த பாதையைக் கருவி பதிகிறதென்றால் அதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வருகைப் பதிவேடாக்காதீர்கள்.

அடுத்த படிவம் இறுதியாகும் முன் ஒரு நாள் எங்களோடு வாருங்கள். இணையத்தை அணைத்துவிட்டு, உச்சிவெயிலில், மரத்தடியில், மாற்று பேட்டரி இல்லாமல் மாலைவரை அந்தப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். ஒரு புள்ளிக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்ற இலக்கை அதன் பிறகு எழுதுங்கள். நாளைச் சொன்னால் வழிகாட்ட நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு களப்பணியாளர்