குண்டு பல்பு தந்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

வால்பாறை மழைக்காட்டுச் சருகில் கிடைத்த இரண்டு மண் உண்ணிகளைப் புதிய இனங்களாக விவரித்த எங்கள் கட்டுரை ஒருவழியாக அச்சேறிவிட்டது. அதன் கடைசியில் நன்றிக்கென்று ஆறு வரி கொடுத்தார்கள், அதுவும் ஆங்கிலத்தில். அந்த ஆறு வரியில் அடங்காதவர்களுக்கு இந்த மடல்.

உண்ணி என்றதும் நாயின் காதை நினைக்க வேண்டாம். இவை ஒரிபாட்டிட் வகை. இரத்தம் குடிக்காது, மட்கும் இலையையும் பூஞ்சையையும் தின்று வாழும். எங்களுடையவை அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

முதல் நன்றி மின்சாமான் கடை அண்ணனுக்கு. சருகைப் புனலில் கொட்டி மேலே பல்பை எரியவிட்டால், சூடும் வறட்சியும் தாங்காமல் உண்ணிகள் கீழே இறங்கி ஆல்கஹால் குப்பிக்குள் விழும். 1905-இல் இத்தாலியர் பெர்லேசி வெந்நீர்ச் சூட்டைக் கொண்டு செய்த புனல் இது. 1918-இல் சுவீடனின் துல்கிரன் அதற்கு பல்பைப் பொருத்தினார். நாங்கள் எல்.இ.டி. பல்பை மாட்டிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். சருகு ஈரமாகவே கிடந்தது. அந்த பல்பில் சூடே இல்லை என்பது முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு உறைக்கவில்லை. நீங்கள்தான் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பரணிலிருந்து தூசி படிந்த 40 வாட் குண்டு பல்புகளை இறக்கித் தந்தீர்கள்.

காடர் பழங்குடிக் குடியிருப்பின் மூப்பரே, அட்டைக்குப் பயந்து நான் பாதையோரத்துச் சருகையே அள்ளிக்கொண்டிருந்தேன். மழைத்தண்ணீர் ஓடும் இடத்தில் சருகு தங்காது, வேர் இடுக்கில் பாருங்கள் என்று வெடிப்பலா மரத்தடிக்கு அழைத்துப் போனீர்கள். இரண்டில் ஒன்று அங்கேதான் கிடைத்தது. உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "கண்ணுக்கே தெரியாததற்கு என் பெயரா?" என்று மறுத்துவிட்டீர்கள். அதனால் மரத்தின் பெயரை வைத்தோம்.

அனுமதி தந்து, காவலரையும் துணைக்கு அனுப்பிய வனத்துறைக்கு நன்றி.

படம் வரைந்த தங்கைக்கு என்ன சொல்வது? லாக்டிக் அமிலத்தில் ஊறித் தெளிந்த உடலை நுண்ணோக்கியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, முதுகு மயிர்களை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தாய். இனத்தைப் பிரித்துக் காட்டுவது அந்த மயிர்களும், தலைப்பக்கத்துக் குழியில் நிற்கும் உணர்மயிரின் வடிவமும்தான். ஒரு சோடியை நான் தவறாக எண்ணியதைக் கண்டுபிடித்தவளும் நீதான்.

அச்சேறும் முன் கட்டுரையைப் படித்துச் சரிபார்த்த, பெயர் தெரியாத மதிப்பீட்டாளரே, மூன்றாவதும் புதியது என்று துள்ளிக்கொண்டிருந்த எங்களிடம், அது இலங்கையிலிருந்து முன்பே விவரிக்கப்பட்ட இனம் என்றீர்கள். அன்று கோபம்தான் வந்தது. அந்த இனத்தை முதலில் விவரிக்க அடிப்படையான மூல மாதிரியை இரவல் வாங்கிப் பார்த்தபோது நீங்கள் சொன்னதே சரி. தேவையற்ற ஒரு பெயர் தப்பியது.

குப்பிகளில் பெயரில்லாதவை இன்னும் இருக்கின்றன. அண்ணா, மீதமுள்ள குண்டு பல்புகளை யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.