ஓரியூரைப் புனிதத் தலமாக மட்டும் பார்க்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓரியூர் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, லிஸ்பனில் பிறந்து மறவர் நாட்டில் 'அருளானந்தர்' என்ற பெயரில் பணிபுரிந்த இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று இவ்வூரில் தலை வெட்டப்பட்டதையும், 1947-இல் புனிதராக அறிவிக்கப்பட்டதையும் சரியாகவே சொல்லியிருந்தது. மறவர் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றதும், அதற்காக அவர் விலக்கிய மனைவியருள் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினராக இருந்ததுமே இக்கொலைக்கு வழிவகுத்தன என்பதையும் சேர்த்திருக்கலாம்.

ஆனால் ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திருவாடானைப் பக்கத்து இந்த ஊர், பாம்பாற்றங்கரையில், வானம் பார்த்த நெல் வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் நடுவே உள்ளது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அந்த ஆண்டு விளைச்சலும் இல்லை. அருளானந்தரின் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று மக்கள் நம்பும் மணல்மேட்டில், வருவோர் ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு போவதை இன்றும் காணலாம் (விரலில் ஒட்டிய சிவப்பை யாரும் அவசரப்பட்டுத் தட்டிவிடுவதில்லை). அந்த மண்ணையே நம்பிப் பிழைக்கும் உழவர்களின் கண்மாய், வரத்துக்கால், மடை ஆகியவற்றின் பழங்கதைகளையும் மூத்தோரிடம் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், திருவாடானை