சுவருக்குத் தண்ணீர் ஊற்றும் மகளுக்கு

அன்புள்ள மகளே,

வீடில்லாத குடும்பத்துக்கு வீடு கட்டித்தரத் தன்னார்வலர்களோடு போன இடத்திலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் உன் முகத்தைப் பார்க்கவில்லை, பின்னால் தெரிந்த சுவர் மூலையைத்தான் பார்த்தேன். 40 வருஷம் கொத்து வேலை செய்தவன் கண் வேறெங்கே போகும்? மூலையில் கற்கள் மாறி மாறிக் கடித்து நிற்கின்றன. உங்கள் மேஸ்திரி விவரமானவர். அவர் சொல்வதைக் கேள். உங்களில் யாராவது கோணலாகக் கட்டியதை அவர் சாயங்காலம் சத்தமில்லாமல் பிரித்துக் கட்டினால் கோபித்துக்கொள்ளாதே.

"ஒன்பது நாளாகத் தண்ணீர் ஊற்றுகிறோம், கம்பி வளைக்கிறோம், வீடு கட்டுகிற மாதிரியே இல்லை" என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். அதுதானம்மா வீடு கட்டுவது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. ஈரம் போனால் வலு ஏறுவதும் நின்றுபோகும். குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும், வெயில் கொளுத்தினால் 10 நாள். 28 நாள் கழித்துத்தான் அதன் பலத்தைச் சோதித்துக் கணக்கில் எடுப்பார்கள்.

தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற கம்பி ரிங்கும் அப்படித்தான். முனையைச் செங்கோணத்தில் விட்டால் நிலநடுக்கத்தில் வாய் பிளந்துவிடும். 135 டிகிரிக்கு மடக்கி உள்ளே சொருகினால் கான்கிரீட்டைக் கவ்விக்கொள்ளும். ஜன்னல், கதவுக்கு மேலே போடுகிற கான்கிரீட் பட்டையை, அதுதான் லிண்டல் பெல்ட், ஜன்னலோடு நிறுத்தாமல் நாலு சுவரையும் சுற்றி ஓட விடுங்கள், மூட்டைக்குக் கட்டிய கயிறு மாதிரி. பூசிய பிறகு இதையெல்லாம் யாரும் பார்க்கப் போவதில்லை.

வீட்டை ஒப்படைக்கும் தேதி குறித்தாகிவிட்டது என்றாய். அதைப் படித்ததும்தான் எனக்குக் கவலை. ஒருமுறை நானும் தேதிக்குப் பயந்து, கான்கிரீட் தளம் இறுகும் வரை கீழே தாங்கி நிற்கிற முட்டுகளை முன்னாலேயே எடுத்துவிட்டேன். தளம் விழவில்லை, நடுவில் விரல் கனம் தொய்ந்தது. அந்த வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் அந்தத் தெரு வழியாக நான் போனதே இல்லை. தேதியைத் தள்ளச் சொல். முடியாது என்றால் சண்டை போடு.

ஜிம்மி கார்ட்டர் பற்றிக் கேட்டிருந்தாயே. ஆமாம், அமெரிக்க அதிபராக இருந்தவர்தான். 1984 முதல், வசதியில்லாதவர்களுக்கு வீடு கட்ட உதவும் ஹேபிடேட் அமைப்பினரோடு சேர்ந்து சுத்தியல் பிடித்தார். 2019-இல், 95 வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் 14 தையல் போட்ட பிறகும் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து நின்றார். அது பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அந்த அமைப்பின் ஒரு வழக்கம். வீடு பெறுகிற குடும்பமும் கூட நின்று உழைக்க வேண்டும்.

நீங்கள் கட்டுகிற வீட்டுக்கு வரப்போகிற பெண் தினமும் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போகிறாள் என்றாயே, நாளைக்கு அவளைக் கூப்பிட்டுக் கையில் கொத்துக் கரண்டியைக் கொடு. கதவு எந்தப் பக்கம் திறக்கட்டும், அடுப்படி ஜன்னல் எந்த உயரத்தில் இருக்கட்டும் என்று கேள். நீங்கள் நல்லவர்கள்தான், ஆனால் அந்த ஜன்னல் முன்னால் நிற்கப் போவது அவள்.

கடைசியாக ஒன்று. படத்தில் உன் கையில் கையுறை இல்லை. ஈரச் சிமெண்ட் தோலை அரித்துவிடும். வேலை செய்யும்போது தெரியாது, ராத்திரிதான் எரியும். அடுத்த படத்தில் சுவரைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன்.

அப்பா