சஞ்சிகையை நூலகரிடம் ஒப்படைத்தால் நேரத்தையும் ஒப்படையுங்கள்

யாழ்ப்பாணத்தில் நூலகங்களை நிருவகிக்கும் சபைகளுக்கும், தொழில்சார் சஞ்சிகைகளை வெளியிடும் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

1981இல் யாழ். பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. எரிந்த புத்தகத்துக்கு எங்கோ ஒரு மறுபதிப்புக் கிடைக்கலாம். சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சான சஞ்சிகைக்கு அதுவும் கிடையாது. சஞ்சிகைப் பதிப்பை நூலகரின் ஓய்வுநேர வேலையாக விட்டுவிடாதீர்கள் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

வேலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். கட்டுரையை இரண்டு மதிப்பாய்வாளர்கள் வாசிக்க 4 கிழமை, எழுதியவர் திருத்த 2, செவ்வையாக்கவும் மேற்கோள்களைச் சரிபார்க்கவும் 2, பக்க அமைப்புக்கும் அச்சுப்படியை இரண்டு முறை ஒப்புநோக்கிப் பிழை திருத்தவும் 3, அச்சகத்துக்கு 1. மொத்தம் 12 கிழமை. காலாண்டிதழ் என்றால், ஓரிதழ் வெளிவரும் நாளிலேயே அடுத்ததன் கட்டுரைகள் கையில் இருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு முழுநாளாவது கடமைப் பட்டியலில் இதற்கென எழுதப்படாவிட்டால், முதலில் கைவிடப்படுவது ஒப்புநோக்கல்தான்.

இதழ் பிந்தினால் பழைய மாதத்தைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். எந்தக் காலாண்டுக்குரியது, எப்போது வெளிவந்தது என இரண்டையும் அச்சிடுங்கள். மலர் எண்ணும் இதழ் எண்ணும் அட்டையிலும் உள்ளேயும் ஒன்றாக இருக்கட்டும். வேறுபட்டால் பட்டியலாக்குபவர் வராத இதழைத் தேடிக்கொண்டிருப்பார்.

சஞ்சிகைகளை அடையாளங்காட்டும் சர்வதேச எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.ஐத் தேசிய விஞ்ஞான மன்றத்திடம் பெறலாம். அச்சுக்கு ஒன்று, இணையப் பதிப்புக்கு வேறொன்று. புதிய செயற்குழு வந்ததும் சஞ்சிகையின் பெயரை மாற்றும் பழக்கத்தை விடுங்கள். பெயர் பெரிதாக மாறினால் எண்ணும் மாறும். ஒரே சஞ்சிகை பட்டியலில் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

எங்களை அதிகம் வருத்துவது எழுத்துருச் சிக்கல். பாமினி என்ற பழைய எழுத்துருவில் கோத்த பக்கம் கண்ணுக்குத்தான் தமிழ்; கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. அந்தக் கோப்பை அப்படியே இணையத்தில் ஏற்றினால், ‘நூலகம்’ என்று தேடுபவருக்கு ஒரு வரிகூட அகப்படாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறிமுறைக்கு மாற்றிய பின்னும் கொம்புள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘கௌ’ என்பது ‘கெ’யும் தனி ‘ள’வுமாக உடைந்திருக்கும், திரையில் வித்தியாசம் தெரியாது, தேடலில் தெரியும். இராமநாதன், ராமநாதன் போன்ற இரட்டை வடிவங்களில் எழுதியவர் விரும்பும் ஒன்றைக் கேட்டுப் பெற்று எல்லா இதழ்களிலும் அதையே பின்பற்றுங்கள்.

இதழைப் பிணைக்கும் கம்பி ஊசி எங்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றுவிடும். சேமிப்புப் பிரதிகளையாவது நூலால் தையுங்கள். அவற்றை ஒரே கட்டடத்தில் அடுக்காமல் பொது நூலகம், பல்கலைக்கழக நூலகம், கொழும்பில் ஓரிடம் எனப் பிரித்துக் கொடுங்கள். இதழின் கணினிக் கோப்பை ‘நூலகம்’ நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கும் அனுப்புங்கள். அடுத்த ஆண்டுக்கான வேலைத்திட்டம் எழுதும்போதே இதற்குரிய நாளையும் தபாற்செலவையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சஞ்சிகைப் பதிப்பில் ஈடுபட்டுள்ள நூலகர்கள்
யாழ்ப்பாணம்