கண்ணகை அம்மன் கோயில் வண்ணக்கர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய, கோயில் நிர்வாகம் பாக்கிற வண்ணக்கர் ஐயாமாருக்கும் பரிபாலன சபைக்காரருக்கும்,

வைகாசி வரப்போகுது, சடங்குக்கு ஊருக்கு ஊர் கோயில் கதவு திறக்கப்போறீங்க, அதுக்கு முதல் ஒரு விசயம் கேட்டுப்போடுவம் எண்டுதான் இதை எழுதுறன். எந்தக் கோயிலெண்டு பேர் சொல்லல்ல, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரையில இருந்து தெற்கால தம்பிலுவில் வரைக்கும் பொருந்துறவங்க எடுத்துக்கொள்ளுங்க.

உங்கட உழைப்பைக் குறை சொல்ல வரல்ல. கூரை ஒழுகினா மாத்தத்தான் வேணும், தண்ணிக்குழாய், டொய்லெட் எல்லாம் சனத்துக்குத் தேவைதான். ஆனா வெளிநாட்டுக் காசு வந்த உடனே முதல் வேலையா முத்தத்து மணலுக்கு மேல கொன்கிறீட்டைப் போட்டு அதுக்கு மேல டைல்ஸ் பதிக்கிறீங்களே, என்னத்துக்கு? பகல் பன்னெண்டு மணிக்கு அதில கால் வைக்க ஏலுமா? டைல்ஸ் சூடெண்டு மறுகா தகரப் பந்தல், தகரத்துக்கு இடைஞ்சலெண்டு வேம்புக் கொப்பை வெட்டுறது. மதுரையை எரிச்சுப்போட்டு வந்த அம்மாளைக் குளிர வைக்கிற இடத்தை நாமளே கொதிக்க வைக்கிறம்!

மத்தது சத்தம். போன குளிர்த்திக்கு, அதான் அம்மாளைப் பாடிக் குளிர வைக்கிற சடங்குக்கு, நான் நிண்ட இடத்தில நாலு பக்கமும் ஸ்பீக்கர் பொக்ஸ். பூசை செய்யிற கட்டாடியார் வேப்பிலையால தண்ணி தெளிக்கிற நேரம் மைக்கில ஒராள் உபயகாரர்ட பேர் லிஸ்ட் வாசிக்கிறார், அதுவும் கனடா, சுவிஸ் எண்டு ஊரோட. பக்கத்தில நிண்ட ஆச்சி குரவை போட வாயெடுத்துட்டு, ஸ்பீக்கரை ஒருக்கா நிமிந்து பாத்துட்டு, முந்தானையால வாயைப் பொத்திக்கொண்டு நிண்டுட்டா.

மண்டூர் முருகன் கோயிலைப் பாருங்க. பூசை செய்யிற கப்புகனார் வாயைத் துணியால கட்டிக்கொண்டு மந்திரமே இல்லாமத்தான் செய்யிறார், திரைக்கு உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு வெளியால நிக்கிற நமக்குத் தெரியாது, எண்டாலும் அங்க நிண்டா மேல் புல்லரிக்குது. கதிர்காமத்திலயும் திரைதான். நம்மட கண்ணகை கோயில்கள் கனக்க, வருசம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும், அப்பிடிப் பூட்டிக் கிடக்கிறதாலதான் கதவு திறக்கிற அண்டைக்குச் சனம் அழுகுது. சாமி எங்கயும் இரிக்கு, வீட்டிலயே கும்பிடலாம் எண்டு படிச்ச பொடியன்மார் சொல்லுவாங்க, நான் இல்லையெண்டல்ல, ஆனா அதே பொடியன்மார்தான் சடங்கெண்டா கட்டார்ல இருந்து லீவு போட்டுட்டு ஓடி வாறாங்க. அந்த மணலும் வேம்பும் சாம்பிராணியும் இருட்டும் வீட்டில கிடைக்காது. அதையெல்லாம் எடுத்துப்போட்டா கல்யாண ஹோலுக்கும் கோயிலுக்கும் என்ன வித்தியாசம்?

நான் கேக்கிறது காசு முடியிற விசயமில்ல. மணலை விடுங்க, வேம்பை விடுங்க, உபயகாரர் பேரையெல்லாம் முதலே வாசிச்சு முடிச்சுப்போட்டு குளிர்த்தி பாடுற நேரம் மைக்கை நிப்பாட்டுங்க. பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்காதெண்டு ஒராள் கட்டாயம் எழும்பிச் சொல்லுவார், கேக்காட்டி கிட்ட வரட்டும். சடங்குக்கு முதல் வைக்கிற கூட்டத்தில இதை ஒருக்கா எடுங்க, நானும் வருவன்.

இப்படிக்கு,
எழுவான்கரையில இருந்து ஒராள்